அடுத்த சொல்லை ஊகித்து வாசிப்பது: ஒரு பிள்ளைக்கு உதவி, இன்னொரு பிள்ளைக்குக் கெடுதலா?

முதிரைநிழல் (கிளிநொச்சி) கேட்டது:

வணக்கம். தரம் 4, 5 பிள்ளைகளின் தமிழ் வாசிப்புப் பற்றிய கேள்வி. வகுப்பில் இரண்டு வகை தெளிவாகப் பிரிந்து தெரிகிறது. ஒரு வகை கடகடவென்று வாசிக்கும். ஆனால் "மாட்டை அவிழ்த்தான்" என்று அச்சில் இருக்க, "மாட்டைக் கட்டினான்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும். மற்ற வகை எழுத்தெழுத்தாகக் கூட்டி, ஒரு சொல்லும் பிழைக்காமல் வாசிக்கும். ஆனால் வசனத்தின் கடைசிச் சொல்லைக் கையால் மறைத்து "இனி என்ன வரும்?" என்று கேட்டால் விழிக்கும்.

பட்டறைகளில் "நல்ல வாசகர் ஊகித்து வாசிப்பார், ஊகிக்கப் பழக்குங்கள்" என்கிறார்கள். அப்படியென்றால் முதல் வகைதான் நல்ல வாசகரா? இந்த வேறுபாடு மனதில் எந்த இடத்தில் உண்டாகிறது: ஞாபகமா, சொல்வளமா, கவனமா? ஆய்வுகூடம் இல்லாமல், கடதாசியும் கைபேசியும் வைத்துக்கொண்டு அதைப் பிரித்தறிய வழி உண்டா?

பாலைப்பழம் (வவுனியா) பதில்:

இரண்டு வேறு வேலைக்கு ஒரே சொல்லைப் பாவிப்பதால்தான் இந்தக் குழப்பம். எதிர்பார்ப்பு என்பது கண் சொல்லில் விழுமுன்பே அந்த இடத்துக்குப் பொருந்தும் சொற்கள் மனதில் தாமாக அரும்பி நிற்பது. ஊகம் என்பது எழுத்தைப் பார்த்தும் அது பிடிபடாமல், முன்னுக்குப் பின் உள்ளதை வைத்து ஒரு சொல்லை இட்டு நிரப்புவது. எதிர்பார்ப்பு வாசிப்போடு சேர்ந்து ஓடும். ஊகம் வாசிப்புக்குப் பதிலாக நடக்கும்.

பட்டறைக் கருத்தின் வேர், கென்னத் குட்மன் 1967இல் வாசிப்பை ஊக விளையாட்டு என்று வர்ணித்து எழுதிய கட்டுரை. கீத் ஸ்டானோவிச்சும் ரிச்சர்ட் வெஸ்டும் சோதித்துப் பார்த்தபோது மறுவளமாக வந்தது. சொல்லை அடையாளம் காணச் சூழலில் (முன்பின் உள்ள சொற்களில்) கூடுதலாகச் சாய்ந்தவர்கள் தேர்ந்த வாசகர்கள் அல்லர், தடுமாறும் வாசகர்கள். எழுத்தறியும் வேலை மெதுவாக நடக்கும்போது அந்தக் குறையைச் சூழல் ஈடுசெய்கிறது என்று 1980இல் ஸ்டானோவிச் விளக்கினார். தேர்ந்தவருக்கும் சூழல் விளங்கும். ஆனால் சூழலின் உதவி வந்து சேருமுன்பே எழுத்து வேலையை முடித்துவிடும்.

தேர்ந்தவரின் கண் எதிர்பார்த்த சொல்லில் குறைந்த நேரம் நிற்கும், சிலவேளை அதைத் தாண்டியும் போகும். 1981இல் எர்லிக்கும் ரேனரும் இதைக் காட்டினார்கள். ஆங்கிலத்தில் கண் ஒரு தடவை நிற்பது சராசரி 200 முதல் 250 மில்லிசெக்கன். ஆனால் தாண்டுவது பாராமல் விடுவதல்ல. ஆங்கில வாசகருக்குக் கண் நிற்கும் இடத்திலிருந்து வலப்புறம் 14, 15 எழுத்துவரை ஏதோவொரு அளவில் தகவல் கிடைக்கிறது. தாண்டிய சொல்லும் ஓரக்கண்ணில் பட்டிருக்கும். உங்கள் முதல் வகைப் பிள்ளை செய்வது அதுவல்ல.

அந்தப் பிழையையே ஒருக்கால் உற்றுப் பாருங்கள். "மாட்டை" என்பதில் ஐ உருபு சரி. "ஆன்" விகுதி சரி. நடுவில் உள்ள வினையடி மட்டும் மாறியிருக்கிறது. ஆக இலக்கணம் ஓடுகிறது, கருத்து ஓடுகிறது. சொல்லின் வயிற்றுப்பகுதியை மட்டும் பிள்ளை வாசிக்கவில்லை. இன்னுமொன்று: அச்சில் "மாட்டை" என்றுதான் இருக்கிறது. அடுத்த சொல் ககரத்தில் தொடங்குமானால் "மாட்டைக்" என்று ஒற்று வந்திருக்கும். இல்லாத ஒற்றையும் பிள்ளை தானே போட்டு வாசித்திருக்கிறது.

ஆளுக்காள் வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதற்கு உறுதியான சில முடிவுகள் உண்டு. இரண்டு வயதுக் குழந்தைகளிலேயே, அதிகம் சொற்களைப் பேசுபவர்கள் வசனத்தைக் கேட்கும்போது அடுத்து வரப்போகும் பொருளின் படத்தை, அதன் பெயர் வருமுன்பே முந்திப் பார்க்கிறார்கள் என்று மணியும் ஹ்யூட்டிக்கும் 2012இல் கண்டார்கள். வளர்ந்தவர்களில் செயல்ஞாபகமும் (கேட்டதைச் சற்று நேரம் மனதில் வைத்தபடியே வேலை செய்யும் திறன்) மனவேகமும் கூடினால் முந்திப் பார்ப்பதும் கூடுகிறது என்று ஹ்யூட்டிக்கும் யான்சேயும் 2016இல் டச்சு மொழியில் காட்டினார்கள். வாசிப்பு இடர்ப்பாடு உள்ள டச்சுக்காரர்களும் எதிர்பார்க்கிறார்கள், ஆனால் பிந்தியே.

எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது 2012இல் மிஸ்ராவும் கூட்டாளிகளும் ஹிந்தி பேசுபவர்களிடம் செய்த சோதனை. வசனத்தைக் காதால்தான் கேட்டார்கள். நன்றாகப் படித்தவர்கள், பால் காட்டும் விகுதி வந்தவுடனேயே பெயர்ச்சொல் வருமுன் சரியான படத்தைப் பார்த்தார்கள். எழுத்தறிவு குறைந்தவர்கள் பெயர்ச்சொல் வந்த பிறகே பார்த்தார்கள். வாசித்துப் பழகுவதால் காதின் எதிர்பார்ப்பும் கூர்மையாகிறது என்பதே அவர்கள் எடுத்த பொருள். இடப்பெயர்வில் பள்ளிக்கூடம் அறுந்துபோன பெற்றோரையோ பிள்ளைகளையோ "மந்தம்" என்று சொல்பவர்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். குறைந்தது புத்தியல்ல, வாசித்த மணித்தியாலங்கள்.

வான்கதவு (முல்லைத்தீவு) பதில்:

மேலே சொன்னது சரி. நான் செய்முறைக்கு வாறன். மூன்று சோதனை போதும். ஒரு பிள்ளைக்கு எல்லாம் சேர்த்து 25 நிமிசம் பிடிக்கும், ஆனால் ஒரே நாளில் செய்யாதேங்கோ.

முதலாவது, குலைத்த பட்டியல். 60 சொல் உள்ள ஒரு பந்தியை எடுங்கோ. அதே 60 சொல்லையும் ஒழுங்கு குலைத்து இன்னொரு தாளில் அடியுங்கோ. இரண்டையும் சத்தமாக வாசிக்கச் சொல்லி, கைபேசியில் பதிந்து, நேரம் எடுங்கோ. வகுப்பில் பாதிப் பேருக்குப் பந்தி முதல், மற்றப் பாதிக்குப் பட்டியல் முதல், இடையில் ஒரு கிழமை. இல்லாவிட்டால் முதல் வாசித்த பழக்கம் இரண்டாவதில் ஏறிவிடும். பட்டியல் நேரத்தைப் பந்தி நேரத்தால் வகுங்கோ. கணக்குக்கு ஒரு உதாரணம்: பட்டியல் 90 செக்கன், பந்தி 45 செக்கன் என்றால் 2. இந்தப் பிள்ளை சூழலில் தொங்கி ஓடுது. பட்டியல் 50, பந்தி 42 என்றால் 1.2 அளவில் வரும். எழுத்தும் வேகம், சூழலும் கொஞ்சம் கைகொடுக்குது. பட்டியல் 110, பந்தி 105 என்றால் கிட்டத்தட்ட 1. சூழல் இருந்தும் பிள்ளைக்கு உதவவில்லை. உங்கட இரண்டாவது வகை இதுதான். இந்த எண்களுக்கு வெட்டுப்புள்ளி கிடையாது, ஒரே வகுப்புக்குள் ஒப்பிட மட்டும் பாவியுங்கோ.

இரண்டாவது, மாற்றிவைத்த சொல். 30 வசனம் எழுதுங்கோ. 24 சாதாரணம். 6 வசனத்தில் எல்லாரும் எதிர்பார்க்கிற சொல்லை எடுத்துவிட்டு, அதே எழுத்தெண்ணிக்கையில் பொருந்தாத சொல்லை வையுங்கோ. "அம்மா உலையில் அரிசி போட்டார்" என்பதில் அரிசிக்குப் பதில் மணல். "ஐயா விடியவே பசுவில் பால் கறந்தார்" என்பதில் பாலுக்குப் பதில் தேன். "முகம் கழுவ வாளியில் தண்ணீர் அள்ளினாள்" என்பதில் தண்ணீருக்குப் பதில் செங்கல். மணலை "அரிசி" என்று வாசித்து நிற்காமல் போனால் ஊகம். "மணல்" என்று வாசித்து, ஒரு கணம் நின்று, சிரித்தால் அல்லது முகத்தைப் பார்த்தால், அந்தப் பிள்ளை எதிர்பார்க்கவும் செய்திருக்கு, எழுத்தை வாசிக்கவும் செய்திருக்கு. நல்ல வாசிப்பின் அடையாளம் அதுதான். "மணல்" என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் கடந்தால் எதிர்பார்ப்பே எழவில்லை. ஆறுக்கு மேல் வைக்காதேங்கோ. பிள்ளையள் விளையாட்டைப் பிடித்துவிட்டால் ஒவ்வொரு சொல்லையும் சந்தேகித்து மெதுவாகுவினம், பிறகு ஒன்றையும் அளக்கேலாது.

மூன்றாவது, கீறிட்ட இடம். இதை முதலில் ஒரு அளவுகோலாக்கியவர் வில்சன் டெய்லர், 1953இல். ஒவ்வொரு ஐந்தாவது சொல்லையும் எடுத்துவிடுவது பிறகு வழக்கமாகிப்போச்சு. தமிழில் அதை அப்படியே செய்தால் பந்தி சிதைந்துபோகும். "குளத்திலிருந்துதான்" என்று ஆங்கிலத்தில் மூன்று நாலு சொல்லாக வரும் விசயம் எங்களுக்கு ஒரு சொல். எட்டுக்கு ஒன்று எடுங்கோ, முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் தொடாதேங்கோ, எல்லாக் கீறும் ஒரே நீளத்தில் இருக்கட்டும்.

இதில் ஆட்கள் விடுகிற பெரிய பிழை ஒற்று. "மாட்டைக் ______" என்று அச்சடித்தால் விடையின் முதலெழுத்தைக் காட்டிக்கொடுத்த மாதிரி. ஒற்றை எடுத்துவிட்டு "மாட்டை ______" என்று விடுங்கோ. அடுத்த பிழை, பேச்சு வழக்கை வெட்டுவது. பிள்ளை "கட்டினவன்" என்று சொன்னால் அது "கட்டினான்"தான், புள்ளி குடுங்கோ. எழுத்துப்பிழைக்குப் புள்ளி குறைத்தால் நீங்கள் அளப்பது எழுத்துக்கூட்டலை. ஆனபடியால் விடையை வாயால் கேட்டு நீங்களே எழுதுங்கோ.

போட்டோக்கொப்பியையும் பாருங்கோ. மை மங்கினால் முதலில் அழிவது மெய்யெழுத்துப் புள்ளி. அரவும் (ா) ரகரமும் வேறு பிரிச்சறியேலாமல் போகும். அந்தத் தாளில் எந்தப் பிள்ளையும் ஊகித்துத்தான் வாசிக்கும், பிழை பிள்ளையில் இல்லை. முதல் பிரதியிலிருந்தே எடுங்கோ, எழுத்தளவு 14 பொயின்ற்றுக்குக் குறையாமல்.

கனகராயன் (மாங்குளம்) பதில்:

வான்கதவு அண்ணை சொன்ன மூன்றாவது சோதனையில் ஒரு எச்சரிக்கை. கீறிட்ட இடத்தை நிரப்புவதும் வாசிக்கும்போது எதிர்பார்ப்பதும் ஒரே செயல் அல்ல. நிரப்பும்போது பிள்ளைக்குப் பத்துச் செக்கன் கிடைக்கிறது, யோசித்து ஒரு சொல்லைத் தெரிவு செய்கிறது. வாசிக்கும்போது கால் செக்கன்கூடக் கிடைப்பதில்லை, ஒரு சொல்லைத் தெரிவு செய்வதுமில்லை. பல சொற்கள் கூடக்குறைய அரைவாசி விழித்த நிலையில் இருக்கும். ஆகவே அந்தச் சோதனையைப் பிள்ளையை அளக்கவல்ல, வசனத்தை அளக்கப் பாவிப்பது நல்லது. 30 பேரில் 24 பேர் ஒரே சொல்லைச் சொன்னால் அந்த இடத்தின் எதிர்பார்ப்பு 0.80. மாற்றிவைக்கும் சொல்லுக்கு இப்படி 0.80க்கு மேல் வந்த வசனங்களை மட்டும் எடுங்கள். எடுப்பதற்கு இன்னொரு வகுப்பைப் பாவியுங்கள், சோதிக்கப்போகும் வகுப்பையல்ல.

எதிர்பார்ப்பு இப்படி வேகமாக, தானாக நடப்பதற்கு ஆதாரம் மூளை மின்னலைகளில் இருக்கிறது. 1980இல் மார்ட்டா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும், பொருந்தாத சொல் கண்ணில் பட்டு ஏறக்குறைய 400 மில்லிசெக்கனில் உச்சம் தொடும் ஒரு எதிர்மின் அலையைக் கண்டார்கள். சொல் எவ்வளவு எதிர்பாராததோ அவ்வளவு பெரிதாகும். வயது போனவர்களில் முந்தி எதிர்பார்க்கும் தன்மை பொதுவாகக் குறைவு. ஆனால் ஒரு நிமிடத்தில் நிறையச் சொற்களை அடுக்கிச் சொல்லக்கூடிய முதியவர்களிடம் இளையோரின் பாங்கே தெரிகிறது என்று காரா ஃபெடர்மையர் குழு காட்டியது.

ஒற்றுப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் பெயருக்கு முன் வரும் "அ" (a), "ஆன்" (an) இரண்டும் எங்கள் ஒற்றுப் போலவே அடுத்த சொல்லின் முதல் ஒலியைக் காட்டுபவை. 2005இல் டிலோங் குழு, எதிர்பார்த்த சொல்லுக்குப் பொருந்தாத "ஆன்" வந்தாலே மூளை மாற்றம் காட்டுகிறது என்று எழுதியது. அதை 2018இல் 9 ஆய்வுகூடங்கள் சேர்ந்து 334 பேரிடம் திருப்பிச் செய்தபோது பெயர்ச்சொல்லில் மாற்றம் தெளிவாக வந்தது, அதற்கு முன் உள்ள சிறுசொல்லில் அப்படி வரவில்லை. ஆகவே பொருளை எதிர்பார்ப்பது உறுதி, ஒலிவடிவம்வரை எல்லாரும் எப்போதும் எதிர்பார்க்கிறார்கள் என்பது உறுதியல்ல. பிள்ளை ஒற்றைக் கவனிக்கவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

நீங்கள் கேட்ட மூன்றில் இல்லாத நாலாவது ஒன்று இருக்கிறது: விசயம் தெரிந்திருப்பது. 1988இல் ரெக்டும் லெஸ்லியும் பேஸ்போல் பற்றிய ஒரு பந்தியை 64 மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். வாசிப்பில் பலவீனமாக இருந்தும் பேஸ்போல் தெரிந்தவர்கள், நன்றாக வாசித்தும் பேஸ்போல் தெரியாதவர்களை முந்தினார்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு சொல்லே போதும். "இரணைமடுக் குளம் வான்" என்றவுடன் கிளிநொச்சிப் பிள்ளைக்கு "பாய்கிறது" (குளம் நிரம்பி வழிகிறது) வந்து நிற்கும். கொழும்புப் பிள்ளைக்கு ஆகாயமோ ஓடுகிற வானோ வரும். அந்தப் பிள்ளைக்கு ஞாபகக்குறை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் தேயிலைத் தொழிற்சாலை பற்றிய பந்தியில் எங்கள் பிள்ளை தடுமாறினால் உடனே சொல்லிவிடுகிறோம். மலையகத்தால் வந்து குடியேறிய வீட்டுப் பிள்ளைக்கு அம்மம்மா சொன்ன கதையில் தேயிலையும் தெரிந்திருக்கும், அதையும் கேட்டறியுங்கள். சோதனைக்கு எப்போதும் இரண்டு பந்தி வேண்டும்: ஒன்று குளம், வயல், போகம் பற்றி, மற்றது பழக்கமில்லாத விசயம் பற்றி. இரண்டிலும் விழுந்தால்தான் பிள்ளையின் மனதைப் பற்றிப் பேசலாம்.

முதிரைநிழல் (கிளிநொச்சி) கேட்டது:

மிக்க நன்றி. இரண்டாவது வகைக்குள்ளேயே இன்னும் பிரிக்க வேண்டியிருக்கிறது. எழுத்து மெதுவானதால் எதிர்பார்ப்பு வரவில்லையா, ஞாபகம் போதாதா, கவனம் சிதறுகிறதா? மூன்றும் வெளியில் ஒரே மாதிரித்தான் தெரிகிறது. கண்டபிறகு ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது?

பாலைப்பழம் (வவுனியா) பதில்:

முதலில் எழுத்தை விலக்குங்கள். வசனத்தை நீங்களே வாசித்து, வினைக்கு முன் நிறுத்துங்கள். "தம்பிக்கு அக்கா பழத்தை..." பிள்ளை "குடுத்தா" என்று முடித்தால் மொழி எதிர்பார்ப்பு முழுதாக இருக்கிறது, தடை எழுத்துவேகம் மட்டும்தான். தமிழ் வினை கடைசியில் வருவதால் இந்தச் சோதனை எங்களுக்கு வாய்ப்பானது. ஜப்பானிய மொழியும் அப்படியே வினையில் முடிவது. அதில் வேற்றுமை உருபுகளை வைத்தே, வினை வருமுன் கேட்பவர் அடுத்த பொருளை எதிர்பார்க்கிறார் என்று காமிடேயும் அல்ட்மனும் ஹேவுட்டும் 2003இல் காட்டினார்கள். க்கு, ஐ இரண்டும் மனதில் நின்றால் "கொடு" என்பது தானாக எழும். எழுத்துக்கூட்டி அரை நிமிடம் கழித்து வசனக் கடைசிக்கு வரும் பிள்ளைக்கு "தம்பிக்கு" எப்போதோ மறைந்துபோயிருக்கும்.

வாயாலும் முடிக்காவிட்டால் நீளத்தை மாற்றுங்கள். அதே கருத்தை இப்படிச் சொல்லுங்கள்: "சந்தையால் வந்த தம்பிக்கு, அடுப்படியில் நின்ற அக்கா, கூடையில் இருந்த பழத்தை..." குறுகிய 10 வசனம், நீண்ட 10 வசனம், கலந்து, இரண்டு வேறு நாளில். குறுகியதில் சரிவந்து நீண்டதில் திரும்பத் திரும்ப விழுந்தால் செயல்ஞாபகத்தின் பக்கம். நீளத்தோடு தொடர்பில்லாமல் ஒன்று சரி ஒன்று பிழை என்று போய், பிந்திய பாதியில் கூடுதலாக விழுந்தால், நாளுக்கு நாளும் மாறினால், கவனம். குறிப்பிட்ட சொற்கள் உள்ள வசனங்களில் மட்டும் விழுந்தால் சொல்வளம், அந்தச் சொல்லைத் தனியே கேட்டால் அதுவும் தெரியாதிருக்கும். இவற்றுக்கெல்லாம் முன்னே கண்ணையும் காதையும் பரிசோதிப்பியுங்கள்.

கடைசிச் சொற்களை ஞாபகம் வைத்துச் சொல்லும் சோதனை, 1980இல் டேன்மனும் கார்ப்பென்டரும் செய்தது, தமிழில் நேரே சரிவராது. எங்கள் வசனங்களின் கடைசிச் சொல் எல்லாம் "ஆன், ஆன், ஆன்" என்று ஒன்றோடொன்று சிக்கும். கடைசி வினைக்குப் பதில் வசனத்தில் வந்த பொருளின் பெயரைக் கேளுங்கள்.

செய்யவேண்டியது ஆளுக்காள் வேறு. எழுத்துவேகம் குறைந்த பிள்ளைக்கு 80 முதல் 100 சொல் உள்ள ஒரே பந்தியை மூன்று நாலு தரம் நேரம் எடுத்து வாசிக்கக் கொடுங்கள். முதல் தரம் நீங்கள் வாசிக்க, பிள்ளை விரலால் தொடரட்டும். சாமுவேல்ஸ் 1979இல் விளக்கிய மீள்வாசிப்பு இதுதான். பிள்ளை பாடமாக்கிவிட்டது என்று சந்தேகமிருந்தால் அதே சொற்களை வேறு பந்தியில் வைத்துப் பாருங்கள், அங்கேயும் வேகம் நின்றால் பாடமாக்கவில்லை. ஞாபகம் போதாத பிள்ளைக்கு நீண்ட வசனத்தை உருபு வந்த இடத்தில் பென்சிலால் கீறி, துண்டு துண்டாக வாசித்து, கடைசியில் முழுதாகச் சொல்ல வையுங்கள். கவனம் சிதறும் பிள்ளைக்கு நாலு வசனத்துக்கு ஒருதரம் நிறுத்தி "இப்ப யார் எங்க நிற்கினம்?" என்று கேட்பது போதும். கண் வரியில் ஓட மனம் வேறிடம் போனால், அரிய சொல்லிலும் பழகிய சொல்லிலும் கண் நிற்கும் நேர வித்தியாசம் குறைந்துபோகிறது என்று ரைக்கிள் குழு 2010இல் கண்டது. அதனால் கண் ஓடுவதைப் பார்த்து வாசிக்கிறது என்று நம்பாதீர்கள்.

வான்கதவு (முல்லைத்தீவு) பதில்:

முதல் வகைக்கும் சொல்லிவிடுறன், அதை ஒருத்தரும் இன்னும் சொல்லேல்லை. பிள்ளை "கட்டினான்" என்றதும் உடன "பிழை" என்று வெட்டாதேங்கோ. வசனம் முடியும்வரை விட்டு, பிறகு அந்தச் சொல்லில் விரலை வைத்து, "நீ சொன்னது வசனத்துக்குப் பொருந்துது. இந்த எழுத்தோடையும் பொருந்துதோ?" என்று கேளுங்கோ. இரண்டாவது கேள்விதான் அந்தப் பிள்ளைக்குப் பழகாதது. நாளுக்கு 5 நிமிசம் நடுப்பகுதியில் மட்டும் வேறுபடும் சொற்களை வாசிக்கக் குடுங்கோ: அவிழ்த்தான், அவித்தான், அழித்தான். பிறகு அதே சொற்களை வசனத்தில் வைத்து, மூன்றும் பொருந்தக்கூடிய மாதிரி அமையுங்கோ. "அவன் அதை ______" என்ற இடத்தில் சூழல் எதையும் காட்டிக்குடுக்காது, எழுத்தைப் பார்த்தே ஆகவேணும். அப்படி 10 வசனம். இரண்டு கிழமைக்கு ஒருக்கா மாற்றிவைத்த சொல் சோதனையைப் புது வசனங்களோட திருப்பிச் செய்யுங்கோ. ஆறில் எத்தினையில் "அரிசி" என்று ஓடினது என்ற எண்ணிக்கையை மட்டும் கொப்பியில் குறியுங்கோ, மொத்த வேகத்தை அந்த நேரம் பார்க்காதேங்கோ. எழுத்தைப் பார்க்கத் தொடங்கும் முதல் மூன்று நாலு கிழமை பிள்ளை முந்தியை விட மெதுவாகத்தான் வாசிக்கும். பெற்றோருக்கும் அதை முதலே சொல்லிவையுங்கோ, இல்லாவிட்டால் ரியூசனில் திரும்ப வேகமாக வாசிக்க வைத்துவிடுவினம்.